ஈரம் ஆகாத தரை

அம்பிகா தரை வாங்கப் போன கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். பெண்பிள்ளைகள் திண்டிவனம் போனால் புடவை வாங்கி வருவார்கள், பாத்திரம் வாங்கி வருவார்கள். இவள் தரை வாங்கப் போனாள். அதிலும் மூங்கில் தரை. கோலியனூர் தாண்டி ஏரிக்கு மேலண்டைப் பக்கம் இருக்கிற அந்த ஊருக்கு மூங்கில் என்றால் ஏணி, பந்தக்கால், பாடை. அதை அறுத்து இழைத்து வீட்டுக்குள் பாவலாம் என்றபோது டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு வாரம் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பேசினவர்களுக்கு என்ன, ரெண்டு காலாலும் நடந்து வந்து டீ குடித்துவிட்டு ரெண்டு காலாலும் நடந்து போனார்கள்.

அம்பிகாவின் வீட்டுக்காரர் அரசப்பனுக்குத் தை மாதத்தில் கை கால் விழுந்துவிட்டது. கரும்பு வெட்டுக்கு ஆள் விட்டு வரப்பில் நின்றுகொண்டிருந்த மனிதர், நின்ற வாக்கில் சாய்ந்தார். வலது பக்கம் முழுக்கப் போய், பேச்சும் குழறிவிட்டது. விழுப்புரத்தில் கட்டிலோடு கிடந்து, காலில் கொஞ்சம் உயிர் வந்து, கோலை ஊன்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வீட்டில் இருந்ததோ கண்ணாடி மாதிரி டைல்ஸ். மகன் சுகுமார் ஒரகடத்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசைப்பட்டுப் போட்டது. மேலே ஓடுகிற ஃபேன் கீழேயும் ஓடும். வந்த வாரத்திலேயே அரசப்பன் அதில் வழுக்கி விழுந்து, நெற்றி பிளந்து, வெள்ளைத் தரையெல்லாம் ரத்தமானது.

தையல் போட்ட டாக்டர் அம்பிகாவைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு தடவ வுழுந்தா இடுப்பு போயிடும்மா. அப்புறம் அவுரு எழுந்திருக்கவே மாட்டாரு. மொதல்ல தரைய மாத்துங்க" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது அவளுக்குப் பயம். கோரைப்பாய் விரித்துப் பார்த்தாள். இழுத்துக்கொண்டு வருகிற கால் பாயையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தது. ரப்பர் விரிப்பு வாங்கி ஒட்டினாள். அதன் ஓரத்தில் பெருவிரல் தட்டியது. டைல்ஸை உடைத்துவிட்டுச் சிமெண்டு பூசலாமென்றால், அடுப்படிச் சிமெண்டில் கால் வைத்தாலே மரத்த கால் இன்னும் மரத்துப்போகிறது என்று அவர் முகத்தைச் சுளித்தார். ராத்திரி அவர் ஒண்ணுக்குப் போக எழுந்தால் இவளும் எழுந்து பின்னாலேயே போவாள். அந்த நேரத்தில்தான் சுகுமார் போனில் சொன்னான். கோட்டக்குப்பம் பக்கம் ஒரு யோகா கூடத்துக்குச் சிநேகிதனோடு போயிருந்தானாம். அங்கே மூங்கில் தரை போட்டிருக்கிறார்களாம், காலுக்கு வெதுவெதுப்பாக இருக்கிறதாம், வழுக்கவில்லையாம். திண்டிவனத்தில் விற்கிறார்கள் என்று விசாரித்தும் வைத்திருந்தான். மறுநாளே அம்பிகா பஸ் ஏறிவிட்டாள்.

கடைக்காரர் தென்னரசு நாலைந்து துண்டுகளை மேசை மேல் எடுத்துப் போட்டார். மூங்கிலைப் பட்டை பட்டையாக அறுத்து ஒட்டினது ஒரு ரகம். பார்க்க அழகு, ஆனால் கட்டிலை இழுத்தால் கோடு விழும். நார் நாராகக் கிழித்துப் பசையில் நனைத்து மிஷினில் நசுக்கி எடுத்தது இன்னொரு ரகம், அது இரும்பு. கருஞ்சிவப்பாக இருப்பது நிறத்துக்காக அவித்த மூங்கில், அவித்ததில் கொஞ்சம் பலம் போயிருக்கும், வெளிர் மஞ்சள்தான் கெட்டி என்றார். அம்பிகா ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தாள். ஒன்றில் பசை நெடி கண்ணை எரித்தது. சீக்காளி படுக்கிற இடத்துக்கு ஆகாது என்று தள்ளி வைத்தாள். பளபளப்பாக இருந்ததையெல்லாம் தொடக்கூட இல்லை. மிச்சமிருந்ததைத் தரையில் வரிசையாகப் போடச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, அரசப்பன் மாதிரியே வலது காலை இழுத்து இழுத்து நடந்து பார்த்தாள். கடைக்கு வந்திருந்த இன்னொரு குடும்பம் இவளுக்குத்தான் கால் வரவில்லை என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டது.

கரையான் அரிக்குமா, மல்லாட்டைக் கடலை மூட்டையை இழுத்தால் கீறுமா, கார்த்திகை மழைக்கு உப்புமா, உப்பினால் பலகை எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டே போனாள். மழைக்குப் பெருத்துக்கொள்ளச் சுவரோரம் விரல் அகலம் சந்து விட்டு, அதை மறைக்கச் சட்டம் அடிப்போம் என்றார் தென்னரசு. பலகை வந்ததும் பிரித்துக் கூடத்திலேயே சும்மா கிடத்துங்கள், உங்கள் வீட்டுக் காற்றுக்கு அது பழகட்டும், பிறகு பாவலாம் என்றார். டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை, மேலேயே மெத்தென்று ஒரு விரிப்புப் போட்டுப் பலகையை ஒன்றோடொன்று கோத்துவிடலாம் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை வீடு கழுவ வேண்டுமே என்றாள். அங்கேதான் அவர் கையைத் தூக்கினார்.

"கழுவறது மட்டும் கூடாதும்மா. துணிய நல்லா புழிஞ்சிட்டுத் தொடைங்க, எத்தினி தடவ வேணா தொடைங்க. தண்ணிய ஊத்தினீங்கன்னா இது கொழம்புல போட்ட அப்பளந்தான்."

சரி, துடைத்துக்கொள்கிறேன், சாமி கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்று அம்பிகா முடிவு செய்தாள். அதற்குப் பிறகும் கேள்வி ஓயவில்லை. மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்களே என்று தென்னரசு சிரித்தார்.

"மாப்ள செரியில்லன்னா பொண்ணு பொறந்த வூட்டுக்குத் திரும்பி வந்துடலாம். எங்க வூட்டுக்காரரு எங்கங்க போவாரு?" என்றாள் அம்பிகா. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

சித்திரையில் கூடத்துக்கும் அரசப்பன் படுக்கிற அறைக்கும் தரை பாவியாயிற்று. கண்டாச்சிபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த நாத்தனார் வடிவு பார்க்க வந்தாள். அரசப்பனுக்கு மூத்தவள், வாய்க்கு வாசல்படி இல்லாதவள். வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பாடைக்குக் கட்டுகிறதை நடுவீட்டில் பாவி வைத்திருக்கிறாயே, என்ன மனசு உனக்கு என்றாள். பந்தக்காலும் அதில்தான் நடுகிறோம், அது மட்டும் மறந்துபோச்சா அண்ணி என்று அம்பிகாவும் விடவில்லை. வடிவு உள்ளே வராமலே திரும்பிப் போயிருப்பாள். அந்த நேரம் பார்த்து முருகையன் வந்தார்.

முருகையன் அரசப்பனின் அண்ணன். அடுத்த தெரு. கழனியிலிருந்து நேராக வந்தவர், வாசல் குழாயில் காலைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு பலகை மேல் ஏறி நின்றார். ரெண்டு தரம் கூடத்தைச் சுற்றினார். "டேய், வெதுவெதுன்னு இருக்குதுடா, களத்துமேடு கணக்கா. எழுந்து வா" என்று தம்பியைக் கூப்பிட்டார். வடிவும் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்து, பொழுது சாய்ந்ததும் முருகையன் வந்துவிடுவார். தம்பியைத் தொட மாட்டார். பக்கத்தில் நடந்துகொண்டே ஊர்க்கதை பேசுவார். மல்லாட்டை இந்த வருஷம் சொத்தை விழுந்து கிடக்கிறது என்பார், ஏரி மதகு திறக்க ஆள் வரவில்லை என்று யாரையாவது திட்டுவார். பேச்சு சுவாரசியத்தில் அரசப்பன் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை தரம் போய் வந்தோம் என்பதையே மறந்துவிடுவார். ஆடி பிறந்தபோது கோல் மூலையில் சாத்திக் கிடந்தது. அம்பிகா அடுப்படியில் கேப்பை மாவு கிண்டிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பாள். ஒரு கால் வைக்கிற சத்தம், ஒரு கால் இழுக்கிற சத்தம். நாள் ஆக ஆக இழுக்கிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பெரியவரை நினைத்து அவளுக்குக் கண் நிறையும். கொண்டுவந்து கொடுக்கிற காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடுவாள், அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்த நன்றி.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், நடவு வயலில் தேங்கின தண்ணீரை வடிக்க மண்வெட்டியோடு போன முருகையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

தரையைப் பற்றி அம்பிகாவுக்கு அப்போது நினைப்பே இல்லை. சாவு வீட்டில் முருகையன் மனைவி, ஓரகத்தி சின்னபொண்ணுவைக் கட்டிக்கொண்டு அழுதாள், வந்தவர்களுக்குக் காபித்தண்ணி கலக்கினாள், அரசப்பனைத் தாங்கிப் பிடித்து வாய்க்கரிசி போடவைத்தாள். அவர் அழுதது வெளியே வரவில்லை. குழறின வாய்க்குள்ளேயே கிடந்து புரண்டது. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பொழுது சாய்ந்தால் மட்டும் எழுந்து உட்கார்ந்து வாசலைப் பார்ப்பார். நடக்கச் சொல்லி அம்பிகா கூப்பிட்டால் வர மாட்டார்.

கருமாதி நெருங்கும்போது வடிவு பங்காளி வீட்டுப் பெண்களையெல்லாம் கூட்டி வைத்துச் சொன்னாள். கருமாதி அன்றைக்கு விடிவதற்குள் பங்காளிகள் எல்லார் வீட்டிலும் தீட்டுக் கழிய வேண்டும்; பழைய சட்டி பானையை வெளியே போட்டு, வாசல் முதல் கொல்லை வரை தண்ணீர் ஊற்றிக் கழுவி, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் ஏரிக்கரைக்கு வர வேண்டும்; ஒரு வீடு கழுவாமல் நின்றாலும் செத்தவருக்கு எள்ளும் தண்ணியும் போய்ச் சேராது. எல்லாரும் தலையாட்டினார்கள். அம்பிகாவும் ஆட்டினாள். பாதி ஆட்டத்தில்தான் அவளுக்குச் சுரீர் என்றது.

வீட்டுக்கு ஓடிவந்து தென்னரசுக்குப் போன் போட்டாள். ஒரு தடவைதானே, ஊற்றி உடனே தள்ளிவிட்டால் போச்சு என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டாள்.

"ஒரு சொம்பு கொட்டினா தொடச்சிக்கலாம். பக்கெட்டு பக்கெட்டா ஊத்தினா கோப்புக்குள்ள எறங்கிடும்மா. கீழ டைல்ஸு இருக்குது, தண்ணி போறதுக்கு வழி ஏது? அங்கியே நின்னுக்கினு ஊறும். வெயில் காலமா இருந்தாலாவது கழட்டிக் காய வைக்கலாம். இந்த மழையில நான் வந்தும் ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு பலகை எழும்பிச்சின்னா அய்யா கால் அதுலதான் தட்டும்."

போனை வைத்துவிட்டு நின்றாள். கரையானைக் கேட்டோம், மூட்டையைக் கேட்டோம், மழையைக் கேட்டோம், இதைக் கேட்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். எப்படிக் கேட்பாள்? புருஷன் பிழைத்து எழுந்து நடப்பதற்காகத் தரை வாங்குகிறவள், சாவுத் தீட்டுக்கு இது தாங்குமா என்று கடையில் நின்று கேட்பாளா? அந்த எண்ணமே வந்திருக்காது, வந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு ஒரு பொருள் எடுக்கும்போது அபசகுனமாகப் பேசக் கூடாது என்றுதான் அவளை வளர்த்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அரசப்பனுக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டே மெல்ல எடுத்தாள். மஞ்சள் தண்ணீரில் துணியைப் பிழிந்து மூலை முடுக்கெல்லாம் துடைத்துவிடுகிறேன், மனசு சுத்தம்தானே முக்கியம், பெரியவரே இருந்தாலும் அப்படித்தானே சொல்லியிருப்பார் என்றாள். அவர் இடது கையால் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். அவர் பதில் சொல்லச் சிரமப்படுகிறவர். இல்லை என்று சொல்லாததை அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வது அவளுக்கு அப்போது வசதியாக இருந்தது.

கருமாதி அன்று கருக்கலில் எழுந்தாள். சுகுமார் லீவு போட்டு வந்திருந்தான். ரெண்டு பேருமாக அடுப்படியையும் கொல்லையையும் வாசலையும் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். வேண்டுமென்றே கூடுதலாகவே ஊற்றினாள். சாக்கடையில் மஞ்சள் தண்ணீர் தெருவுக்கு ஓடியது. கூடத்தையும் அறையையும் முட்டி போட்டு உட்கார்ந்து, பிழிந்த துணியால் ஒன்றுக்கு மூன்று தடவை துடைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து அரசப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். வடிவு குடை பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பங்காளி வீடாகப் பார்த்து வந்தவள், நனைந்த வாசலையும் ஓடுகிற சாக்கடையையும் பார்த்தாள். ஆச்சா என்றாள். ஆச்சு அண்ணி என்றாள் அம்பிகா. வடிவு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏரிக்கரையில் மழை சற்று விட்டிருந்தது. முருகையன் மகன் கோகுலகிருஷ்ணன் தலையை மழித்துக்கொண்டு ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். சித்தப்பாவுக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பெண்கள் புளியமரத்தடியில் சின்னபொண்ணுவைச் சுற்றி நின்றார்கள். சடங்கு செய்கிற கண்ணையன் எள்ளையும் தண்ணீரையும் எடுத்து வைத்துவிட்டு, எல்லாக் கருமாதியிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். பங்காளிகள் எல்லாரும் வீடு கழுவியாச்சா? வரிசையாக ஒவ்வொருவரும் ஆச்சு, ஆச்சு என்றார்கள். கண்ணையன் காது அதைக் கேட்டுக்கொண்டிருக்க, கை தர்ப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தது. அரசப்பன் முறை வந்தபோது சத்தம் நின்றது.

"ஆச்சு, ஆச்சு" என்று புளியமரத்தடியிலிருந்து அம்பிகாவே சொன்னாள்.

அரசப்பன் மறுத்துத் தலையை ஆட்டினார். வாய் கோணிக்கொண்டு, எச்சில் ஒழுக, ஒவ்வொரு எழுத்தாகக் கொண்டுவந்தார். "இ...ல்ல. கூடம்... கழுவல."

ஏரிக்கரையே அவளைத் திரும்பிப் பார்த்தது. வடிவின் முகம் போன போக்கைப் பார்த்து, அவள் வாயைத் திறப்பதற்குள் அம்பிகா பேசிவிட்டாள். துணியால் துடைத்தேன், மூன்று தடவை துடைத்தேன், ஊற்றினால் பலகை எழும்பிவிடும், அவர் தடுக்கி விழுந்தால் அப்புறம் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நான் என்ன செய்யட்டும் என்று எல்லாரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கோகுலகிருஷ்ணன் தலையைத் தூக்கினான். "வுடுங்க சித்தி. தொடச்சீங்க இல்ல, அது போதும். எங்க அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு." கண்ணையன் கனைத்துக்கொண்டு சின்னபொண்ணுவைப் பார்த்தார். தாலி அறுத்த துக்கம் இன்னும் ஆறாத அந்தப் பெண், தலையை லேசாக அசைத்தாள். சரி என்றுதான் அசைத்தாள். வடிவுகூட, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நம்புவதற்குக் கஷ்டம்தான், ஆனால் அப்படித்தான் நடந்தது. ஊரே விட்டுக்கொடுத்துவிட்டது.

அரசப்பன் மட்டும் விடவில்லை. நாற்காலிக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "ஊத்...தணும்" என்றார். "அண்ணன்... எனக்கு..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அம்பிகாவையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் காலுக்காக அவள் அலைந்த அலைச்சல் அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் கேட்டார்.

சுகுமார் பைக்கை எடுத்தான், அம்பிகா பின்னால் ஏறிக்கொண்டாள். வழியில் அவன் காற்றோடு சேர்த்துச் சொன்னான்: "சும்மா கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துடலாம்மா. ஊத்திட்டேன்னு சொல்லு. அப்பா வந்து பாக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும், காஞ்சிடுச்சின்னு சொல்லிக்கலாம்."

அம்பிகா கூடத்துக்குள் போய் நின்றாள். வெளிர் மஞ்சளாக, ஒரு சந்து தெரியாமல், காலுக்கு இதமாகக் கிடந்தது தரை. மகன் சொன்னபடி செய்யலாம் என்றுதான் அவளுக்கும் ஆசை. விடியற்காலையில் செய்த காரியம் நினைவுக்கு வந்தது. ஊரிடம் பொய் சொன்னாள், அது போகட்டும். அவரைக் கட்டிலில் உட்காரவைத்து அவர் கண் எதிரில் அந்தப் பொய்யைச் செய்து, பேச வராதவர்தானே என்று அவரையும் அதற்குள் இழுத்துவிட்டாள். பேச வராதவர் ஊர்ச் சபையில் எழுந்து பேசிவிட்டார். இன்னொரு தடவை அவரிடம் போய் ஆச்சு என்று சொல்ல இவளுக்கு நாக்கு எழும்பாது.

"தண்ணி மொண்டா" என்றாள்.

"யம்மா."

"மொண்டாடா. ஜல்தியா. அங்க எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க."

முதல் பக்கெட்டை அவளேதான் ஊற்றினாள். தண்ணீர் பலகை மேல் பளபளவென்று பரவி, சுவரோரச் சட்டத்தில் போய் முட்டி, அங்கே ஒரு சின்னச் சுழி சுழித்து உள்ளே இறங்கியது. இறங்குகிற இடத்தைத் தெரிந்துகொண்டு ஊற்றுவது இருக்கிறதே, அது பெரிய கொடுமை. அறைக்கும் ஊற்றினாள், கட்டிலுக்கு அடியிலும் ஊற்றினாள். துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளிக்கொண்டே சத்தம் போட்டு அழுதாள். பெரியவர் செத்ததற்கு அழுது தீராத அழுகையும் அதிலே சேர்ந்து வந்தது. பிறகு கையில் அகப்பட்ட வேட்டி, புடவை, போர்வை எல்லாவற்றையும் போட்டு அம்மாவும் மகனும் ஒற்றி எடுத்தார்கள். பலகையைக் கையால் அழுத்தினால் கோப்பிலிருந்து தண்ணீர் முத்து முத்தாக மேலே வந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு ஏரிக்கரைக்குத் திரும்பினாள்.

ஆச்சு என்றாள். அரசப்பன் அவள் ஈரப் பாவாடை விளிம்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கையை நீட்டினார். எள்ளும் தண்ணியும் வலது கையால்தான் விட வேண்டும். கோகுலகிருஷ்ணன் சித்தப்பாவின் விழுந்த கையைத் தன் கையில் ஏந்திப் பிடிக்க, தண்ணீர் விரல்களுக்கு நடுவில் வழிந்து ஏரியில் விழுந்தது.

சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அம்பிகா அவர் முன்னால் போய் நின்றாள். "ஒங்க அண்ணனுக்குப் போயிச் சேந்துடுச்சி. எனக்கு இன்னா சேந்துது சொல்லுங்க?" என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். அவளும் காத்திருக்கவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டாள். அதன்பிறகு ரெண்டு பேருக்கும் நடுவில் சாப்பாட்டுத் தட்டும் மாத்திரையும்தான் போய் வந்தன.

மழை விடாமல் பெய்தது. கொஞ்ச நாளில் கூடத்தின் நடுவில் ஒரு பலகை கோப்பு விட்டு எழும்பியது. அறைக்கும் வாசலுக்கும் போகிற வழியில், மிகச் சரியாக அவர் கால் இழுபடுகிற இடத்தில். தென்னரசு வந்து குனிந்து பார்த்துவிட்டு, தை வெயிலுக்குக் கழற்றிப் பார்ப்போம், ஊறினது ஊறினதுதான், பழையபடி வராது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்பிகா அரிசி மூட்டையைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்துப் பார்த்தாள். மூட்டை இருக்கிற வரைக்கும் அமுங்கியது, பக்கத்துப் பலகை தூக்கிக்கொண்டது. வழியில் மூட்டையும் இடைஞ்சல். எடுத்துவிட்டாள். அவரைக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவைத்தாள். எதுவானாலும் என்னைக் கூப்பிடுங்கள் என்றாள். கோல் மறுபடியும் கட்டில் பக்கத்துக்கு வந்தது.

ஒரு நாள் மத்தியானம் கொல்லைத் தாழ்வாரத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளுக்குக் கூடத்தில் கால் இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒரு கால் வைக்கிற சத்தம், ஒரு கால் இழுக்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அரசப்பன் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் கோல் இல்லை, பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் சுவரும் இல்லை. எழும்பின பலகை மேல் ரெண்டு காலையும் வைத்து, விழுந்த காலையும் நல்ல காலோடு சேர்த்து வைத்து, உடம்பு லேசாக ஆட, குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு உயிர் போய் வந்தது.

"இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? வுழுந்து தொலைக்கப் போறீங்க."

"அமு...க்கறேன்" என்றார்.

"அது அமுங்காதுங்க. தென்னரசே சொல்லிட்டுப் போயிட்டாரு. வாங்க இந்தாண்ட."

அவர் வரவில்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. "நீ... எனக்கு... போட்ட தரை" என்றார். சாவுக்குப் பிறகு அவர் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசினது அதுதான்.

கோபம் இன்னும் போகவில்லை அம்பிகாவுக்கு. வெளியே மழை வலுத்துப் பெய்துகொண்டிருந்தது. கையில் இருந்த சாம்பல் ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவரைத் தொடாமல், அதே பலகையின் மறு கோடியில் ஏறி நின்றாள்.